சந்தா மலிவு; நிறுத்தினால் மிஞ்சுவது என்ன?

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கத் தலைப்பட்டபோது, புட்டியாக வாங்க இயலாதவர்களும் வாங்கக்கூடிய பொருளாக அது மாறியது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் 'சிக்' ஷாம்பு, அதே வழியில் கிராமத்துப் பெட்டிக்கடைகள் வரை சென்றது. பெரும் தொகையை ஒரே நேரத்தில் கொடுக்க முடியாதவரிடம் சிறு தொகையைப் பலமுறை பெற்றுக்கொள்ளும் இந்த உத்தி, இன்று வணிகவியல் வகுப்புகளில் பாடமாகச் சொல்லப்படுகிறது.

விலை உயர்ந்த தொழில்முறை மென்பொருள்களின் வணிகமும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ இதே பாதையில்தான் நடந்து வருகிறது. படங்களைத் திருத்தும் போட்டோஷாப், நூல் வடிவமைப்புக்கான இன்டிசைன், கட்டட வரைபடங்களுக்கான ஆட்டோகேட் போன்றவை ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்க வேண்டியவையாக இருந்தன. இன்று மாதச் சந்தா செலுத்தி எவரும் அவற்றைப் பயன்படுத்தலாம். திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் சிறிய டி.டி.பி. மையம் முதல், தனியே தொழில் செய்யும் கட்டடப் பொறியாளர் வரை பலருக்கும் இது ஒரு வரப்பிரசாதம் என்று சொல்லப்படுகிறது.

ஆனால், ஷாம்பு பாக்கெட்டுக்கும் மென்பொருள் சந்தாவுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. இந்த வாரம் பாக்கெட் வாங்கியவர் அடுத்த வாரம் வாங்காமல் இருந்தால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. சந்தாவை நிறுத்தும் வடிவமைப்பாளரோ, பல ஆண்டுகளாகத் தாம் உருவாக்கிய கோப்புகளைத் திறக்கும் கருவியையே இழக்கிறார். ஆகவே, ஒரு சந்தா மலிவானதா என்பதை மாதக் கட்டணத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. அதை நிறுத்தும் நாளில் சந்தாதாரரின் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இந்தியாவில் இந்தக் கணக்கை அரசோ, கல்வி நிறுவனங்களோ, நுகர்வோர் அமைப்புகளோ இன்னும் முறையாகப் போட்டுப் பார்க்கவில்லை.

விற்பனையிலிருந்து வாடகைக்கு

அமெரிக்காவின் அடோபி நிறுவனம் 2013 மே மாதத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தனது 'கிரியேட்டிவ் சூட்' தொகுப்பின் ஆறாவது பதிப்போடு நிரந்தர உரிமப் பதிப்புகள் முடிவுக்கு வருகின்றன; இனிவரும் பதிப்புகள் 'கிரியேட்டிவ் கிளவுட்' என்ற பெயரில் சந்தா முறையில் மட்டுமே கிடைக்கும் என்பதே அது. அதற்கு முன் அந்தத் தொகுப்பை முழுமையாக வாங்க 2,599 டாலரும், போட்டோஷாப்பை மட்டும் வாங்க 699 டாலரும் தேவைப்பட்டன. சந்தா முறையில் முழுத் தொகுப்புக்கு மாதம் 49.99 டாலர், ஒரே ஒரு மென்பொருளுக்கு 19.99 டாலர். ஆட்டோகேட் மென்பொருளை உருவாக்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனமும் 2016-இல் தனது பெரும்பாலான மென்பொருள்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதைப் படிப்படியாக நிறுத்தியது.

இந்த மாற்றத்தால் நிறுவனங்கள் அடைந்த பலன் மிகப் பெரிது. 2013 நிதியாண்டில் அடோபியின் வருவாய் சுமார் 405 கோடி டாலர். 2024 நிதியாண்டில் அது சுமார் 2,150 கோடி டாலர். இதில் ஏறத்தாழ 95 விழுக்காடு சந்தாவிலிருந்து வருகிறது. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிட்டு, வாடிக்கையாளர் அதை வாங்குவாரா என்று காத்திருக்கும் நிலை முடிந்து, மாதந்தோறும் வருவாய் வந்துசேரும் நிலை உருவாயிற்று.

பயனாளர்களுக்கும் நன்மை இல்லாமல் இல்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017-இல் இந்தியக் கணினிகளில் நிறுவப்பட்டிருந்த மென்பொருள்களில் 56 விழுக்காடு உரிமம் பெறாதவை. கணக்கிட்டவர்கள் இதில் நலன் சார்ந்தவர்கள் என்றாலும், திருட்டு நகல் இங்கு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை நம் நகரங்களின் கணினிக் கடைத் தெருக்களை அறிந்த எவரும் மறுக்கமாட்டார்கள். ஒரு தொழில்முனைவோரின் ஓராண்டுச் சேமிப்பையும் விழுங்கக்கூடிய விலையில் கருவி விற்கப்படும்போது, திருட்டு நகல் ஒழுக்கக் கேடாக மட்டும் அல்லாமல் விலை நிர்ணயத்தின் விளைவாகவும் ஆகிவிடுகிறது. சந்தா முறை, அவர்களில் ஒரு பகுதியினருக்கேனும் சட்டப்படியான வழியைத் திறந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட பணிக்காக இரண்டு மாதம் மட்டும் ஒரு மென்பொருள் தேவைப்படுவோருக்கு அது உண்மையிலேயே மலிவானது.

ஆனால், தொழிலாகக் கொண்டவருக்குக் கணக்கு வேறு. 699 டாலர் விலையுள்ள மென்பொருளுக்கு மாதம் 19.99 டாலர் செலுத்தினால் 35 மாதங்களில் முழு விலையும் கட்டி முடிந்துவிடுகிறது. 2,599 டாலர் தொகுப்புக்கு மாதம் 49.99 டாலர் என்றால் நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. அதற்குப் பிறகும் கட்டணம் தொடர்கிறது. பழைய முறையிலும் புதிய பதிப்புக்கு மேம்பாட்டுக் கட்டணம் உண்டு என்பது உண்மைதான். எனினும், தொழில் மந்தமான ஆண்டில் புதிய பதிப்பை வாங்காமல் பழையதைக் கொண்டே வேலை செய்யும் உரிமை வாங்கியவரிடம் இருந்தது. சந்தா முறை அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. வேலை இல்லாத மாதத்திலும் வாடகை கட்டியாக வேண்டும்.

இதில் சிறியவருக்குக் கூடுதல் சுமையும் உண்டு. மென்பொருள் சந்தாவுக்கு நம் நாட்டில் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்படுகிறது. பெரிய நிறுவனம் இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கும் குறைவாக வருவாய் ஈட்டி, வரிப்பதிவு செய்யாமல் தனியே தொழில் நடத்தும் வடிவமைப்பாளருக்கு அந்த வசதி இல்லை. ஒரே மென்பொருளுக்கு, வலுவானவரைவிட எளியவர் அதிகம் செலுத்தும் நிலை இது.

பெரிய நிறுவனங்களும் முழுத் திருப்தியோடு இல்லை. 2020-இல் சாஹா ஹதித் நிறுவனம் உள்ளிட்ட பிரிட்டனின் முன்னணிக் கட்டடக் கலை நிறுவனங்கள், ஆட்டோடெஸ்க் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதின. செலுத்தும் தொகை ஆண்டுதோறும் உயர்கிறது. அதற்கேற்ற வளர்ச்சி 'ரெவிட்' மென்பொருளில் இல்லை என்பதே அவர்களின் குறை. உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களுக்கே மடல் எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை என்றால், ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துபவரின் பேர வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியேறும் வாசல்

சந்தாவில் சேருவது ஒரு நிமிட வேலை. விலகுவது அப்படி இல்லை என்ற புகார் உலகெங்கும் உண்டு. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2024 ஜூன் மாதத்தில் அடோபி மீது தொடுத்த வழக்கின் சாரமும் இதுதான். மாதத் தவணையில் செலுத்தும் ஆண்டுத் திட்டத்தை முன்னிறுத்தி, முதல் ஆண்டுக்குள் விலகினால் மீதமுள்ள தவணைகளில் பாதியைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்தது என்று ஆணையம் குற்றம்சாட்டியது. நிறுவனம் அதை மறுத்தது. அந்த வழக்கு ஒருபுறம் இருக்க, நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. மாதச் சந்தா என்று நாம் நினைப்பது பல நேரங்களில் ஆண்டு ஒப்பந்தத்தின் தவணைதான்.

இந்தியாவில் இதற்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, அட்டையிலிருந்து தானாகவே எடுக்கப்படும் தொடர் கட்டணங்களுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். 5,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு 2022-இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டன. விலகும் வழியைச் சிக்கலாக்கும் 'சந்தாப் பொறி'யும் அவற்றுள் ஒன்று.

ஆனால், இந்தப் பாதுகாப்பில் ஒரு விரிசல் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் செய்து வாழ்க்கை நடத்துவோருக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், திருத்தங்களுக்குப் பின், அவர்கள் வாங்கிய பொருள்களும் பெற்ற சேவைகளும் என இரண்டும் அந்த விலக்கில் இடம்பெற்றிருந்தன. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலோ பொருள்கள் மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளன. சேவைகள் என்ற சொல் இல்லை. கடையில் பெட்டியில் விற்கப்படும் மென்பொருள் ஒரு 'பொருள்' என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. சந்தா மென்பொருளோ சேவையாகவே வழங்கப்படுகிறது. ஆக, அன்று மென்பொருளை விலைக்கு வாங்கிய சுயதொழிலர் நுகர்வோர் மன்றத்தின் கதவைத் தட்டலாம். இன்று அதையே சந்தாவில் பெறுபவருக்கு அந்தக் கதவு திறக்குமா என்பது ஐயத்துக்குரியது. விற்பனை வாடகையாக மாறியபோது விலை மட்டும் மாறவில்லை. வாங்குபவரின் சட்ட நிலையும் மாறிவிட்டது.

கோப்பு நம்முடையது, சாவி?

தமிழ்ப் பதிப்புலகுக்கு இந்தச் சிக்கலின் இன்னொரு முகம் நன்றாகத் தெரியும். 2001-இல் வெளிவந்த பேஜ்மேக்கர் 7.0-தான் அந்த மென்பொருளின் கடைசிப் பெரும் பதிப்பு. அதன் பின்னரும் நெடுங்காலம் தமிழ் நூல்கள் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களைக் கொண்டு அதில்தான் உருவாக்கப்பட்டன. மறுபதிப்புக்காக அக்கோப்புகளைத் திறக்க வேண்டிய தேவை இன்றும் எழுகிறது. விலைக்கு வாங்கிய மென்பொருள் என்பதால், அது நிறுவப்பட்ட பழைய கணினி இயங்கும் வரை அக்கோப்புகள் திறக்கும். இன்று சந்தா மென்பொருளில் உருவாகும் தமிழ் நூல்களின் கோப்புகளுக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அத்தகைய பழைய கணினிகூடத் துணைநிற்காது. அன்றும் சந்தா கட்டியவருக்கே அவை திறக்கும்.

நிரந்தர உரிமம் முழுப் பாதுகாப்பைத் தரும் என்றும் சொல்லிவிட முடியாது. நிறுவனத்தின் இணைய வழங்கியோடு சரிபார்த்த பிறகே இயங்கும் மென்பொருள்கள், அந்த வழங்கி நிறுத்தப்பட்டால் புதிய கணினியில் முடங்கிவிடும். ஆனால், அது எப்போதோ நிகழக்கூடிய ஆபத்து. சந்தா முறையில் ஒவ்வொரு மாதமும் அந்த ஆபத்து உண்டு.

கட்டணம் கட்டுபவருக்கும் உத்தரவாதம் இல்லை என்பதை அண்மை நிகழ்வுகள் காட்டுகின்றன. 2019 அக்டோபரில், அமெரிக்க அதிபரின் தடை ஆணையைக் காரணம் காட்டி, வெனிசுலாவில் உள்ள அனைத்துக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. அமெரிக்க அரசின் சிறப்பு அனுமதி கிடைத்ததால் கடைசி நேரத்தில் அந்த முடிவு கைவிடப்பட்டது. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையைத் தொடர்ந்து, குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைத்தது. உரிமங்களுக்கு முழுமையாகப் பணம் செலுத்தியிருந்ததாகக் கூறி நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. பின்னர் சேவை மீட்கப்பட்டது. அதே ஆண்டு மே மாத இறுதியில் சீனாவுக்குச் சிப் வடிவமைப்பு மென்பொருள் வழங்குவதற்கு அமெரிக்கா கட்டுப்பாடு விதித்து, ஜூலைத் தொடக்கத்தில் விலக்கிக்கொண்டது. இந்த மூன்று நிகழ்வுகளிலும் கட்டணத்துக்கும் தடைக்கும் தொடர்பே இல்லை.

இதற்கு, உள்நாட்டு நிறுவனங்களுக்கு மாறிவிடலாம் என்று எளிதாகப் பதில் சொல்லப்படுகிறது. சென்னையில் வேரூன்றிய ஜோஹோ போன்ற நிறுவனங்களின் வளர்ச்சி மகிழத்தக்கது. அயல்நாட்டுத் தடைகளின் ஆபத்தை அது குறைக்கவும் செய்யும். ஆனால், அதுவும் சந்தா முறையில் இயங்குவதே. வீட்டு உரிமையாளர் நம் ஊர்க்காரர் என்பதாலேயே வாடகை ஒப்பந்தத்தின் விதிகளைப் படிக்காமல் கையெழுத்திட முடியாது.

நடுவழி ஒன்று உண்டு

மென்பொருள் தொடர்ந்து பராமரிக்கப்பட வேண்டிய ஒன்று. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யவும், புதிய கணினிகளுக்கு ஏற்ப மாற்றவும் நிறுவனத்துக்குத் தொடர் வருவாய் தேவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டே, சந்தாதாரரையும் காக்க முடியும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு.

நிரலாளர்களுக்கான கருவிகளை உருவாக்கும் செக் நாட்டின் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பரில் சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே நிறுவனம் தன் திட்டத்தைத் திருத்தியது. தொடர்ந்து 12 மாதம் சந்தா செலுத்தியவர், பின்னர் நிறுத்திவிட்டாலும், அந்தச் சந்தாக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பை நிரந்தரமாகப் பயன்படுத்தலாம். புதிய வசதிகள் வேண்டுமென்றால் மட்டும் தொடர்ந்து கட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டால் அந்த நிறுவனம் அழிந்துவிடவில்லை. இன்றும் அதன் கருவிகள் உலகெங்கும் பயன்படுத்தப்படுகின்றன. கட்டிய பணத்துக்கு ஏதேனும் ஒன்று கையில் மிஞ்சும் சந்தாவும் வணிக ரீதியில் சாத்தியம் என்பதற்கு இது சான்று.

ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் 'யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள்' வழக்கில் அளித்த தீர்ப்பும் இங்கு நினைவுகூரத் தக்கது. விலை கொடுத்துக் காலவரையற்ற உரிமம் பெற்றவர் அந்த மென்பொருளின் நகலை வாங்கியவரே ஆவார். தமக்குத் தேவையில்லாதபோது அதைப் பிறருக்கு விற்கலாம் என்றது அத்தீர்ப்பு. அவ்வுரிமை விற்பனைக்கு மட்டுமே பொருந்தும். பழைய உரிமங்களின் மறுவிற்பனைச் சந்தை வளர்வதற்கு முன்பே, பெரிய நிறுவனங்கள் விற்பனையையே கைவிட்டன.

கூட்டாகப் பேரம் பேசினால்

தனிநபரால் இயலாததை அரசு கூட்டாகச் செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே இரு எடுத்துக்காட்டுகள் உள்ளன. சிப் வடிவமைப்புக்கான மென்பொருள் சந்தை சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் பிடியில் இருக்கிறது. வணிக விலையில் அவற்றின் முழுக் கருவித் தொகுப்பைப் பெறுவது ஒரு சாதாரணப் பொறியியல் கல்லூரிக்கு எட்டாக் கனி. மத்திய அரசின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப்' திட்டம், ஐந்து ஆண்டுகளில் 85,000 பேருக்குப் பயிற்சி அளிக்கும் இலக்கோடு, 250 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கப்பட்டது. அதன்கீழ் பெங்களூரில் உள்ள சி-டாக் அமைப்பின் 'சிப்இன்' மையம், இந்தக் கருவிகளை ஓரிடத்தில் வைத்து நாடெங்கும் உள்ள கல்லூரிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. கல்லூரி தனியே பேரம் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது, 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை, 6,300 கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் படிக்க 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இந்த முறையைப் பொறியியல், வடிவமைப்பு மென்பொருள்களுக்கும் விரிவுபடுத்துவது குறித்து அரசு யோசிக்க வேண்டும். ஆனால், அப்போதும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த மறுநாள் மாணவரின் கையில் என்ன இருக்கும்? பேரம் பேசும் வலிமை அரசிடம் இருக்கும்போதே, ஒப்பந்தம் முடிந்த பின்னும் தொடரும் பயன்பாட்டு உரிமையை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றனவே என்று கேட்கப்படலாம். ஆட்டோடெஸ்க் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அவ்வாறு தருவது உண்மை. அதில் பயன் இருப்பதும் உண்மை. கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஒரே கருவியில் பழகியவர் வேலைக்குச் சேர்ந்ததும் அதே கருவியைத்தான் கேட்பார். அப்போது கட்டணம் தொடங்கும். எனவே, பாடத்திட்டம் ஒரு நிறுவனத்தின் மென்பொருளைக் கற்பிப்பதாக இல்லாமல், தொழிலின் அடிப்படைகளைக் குறைந்தது இரண்டு கருவிகளிலேனும் கற்பிப்பதாக அமைய வேண்டும். அவற்றில் ஒன்று கட்டற்ற மென்பொருளாக இருத்தல் நலம்.

கட்டற்ற மென்பொருளின் இடம்

கட்டற்ற மென்பொருள் என்றால் ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று கருதிய காலம் போய்விட்டது. முப்பரிமாண அசைவூட்டத்துக்கான 'பிளெண்டர்', 2002-இல் பொதுமக்களிடம் ஏழு வாரங்களில் திரட்டிய ஒரு லட்சம் யூரோ கொண்டு கட்டற்ற மென்பொருளாக விடுவிக்கப்பட்டது. அதில் உருவாக்கப்பட்ட லாட்வியா நாட்டின் 'ஃப்ளோ' திரைப்படம், 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது. கேரளத்தின் 'ஜனயுகம்' நாளிதழ் 2019-இல் தன் பக்க வடிவமைப்பை 'ஸ்கிரைபஸ்' உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களுக்கு மாற்றிக்கொண்டது. மலையாள எழுத்துகளுக்கான வசதிகளை மேம்படுத்தும் பணியும் அதனோடு சேர்ந்தே நடந்தது. அதே ஆண்டில் கேரளப் பள்ளிகளின் இரண்டு லட்சம் கணினிகளில் கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று அம்மாநில அரசின் கைட் நிறுவனம் மதிப்பிட்டது. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஃபாசி' திட்டம் பொறியியல் கல்விக்கான கட்டற்ற மென்பொருள்களை வளர்த்து வருகிறது. அதே நிறுவனத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அச்சுக்குரிய நால்வண்ண முறையைக் கையாள்வதில் 'கிம்ப்' மென்பொருள் போட்டோஷாப்புக்கு இன்னும் ஈடாகவில்லை. வாடிக்கையாளரும் அச்சகமும் குறிப்பிட்ட வடிவில்தான் கோப்பைக் கேட்கும்போது, தனி ஒருவர் மட்டும் மாறிவிடவும் முடியாது. ஆனால், மாற்று ஒன்று இருக்கிறது என்பதே விலையைக் கட்டுக்குள் வைக்கும். ஒருமுறை பணம் செலுத்தி வாங்கும் முறையைப் பிடிவாதமாகக் காத்துவந்த பிரிட்டனின் 'அஃபினிட்டி' மென்பொருளை 2024-இல் கேன்வா நிறுவனம் வாங்கியபோது, அதுவும் சந்தாவாகிவிடும் என்றே பலர் அஞ்சினர். 2025 அக்டோபரிலோ கேன்வா அதை இலவசமாக்கி, செயற்கை நுண்ணறிவு வசதிகளை மட்டும் தன் கட்டணச் சந்தாவோடு இணைத்தது. போட்டி உள்ள இடத்தில் விலை இறங்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. இலவசம் என்பதும் நிறுவனம் நினைக்கும் வரைதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சுயதொழிலர் பெறும் சேவைகளையும் மீண்டும் சேர்க்க வேண்டும். சொற்கள் சிலவற்றைச் சேர்க்கும் சிறு திருத்தம்தான் இது. பலன் அடைவோர் ஏராளம்.

இரண்டாவதாக, சந்தா நின்ற பிறகு, தாம் உருவாக்கிய கோப்புகளைத் திறக்கவும், பொதுவான வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவும் குறிப்பிட்ட காலத்துக்கேனும் வழி இருக்க வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும் குடித்தனக்காரர் தம் பாத்திரம் பண்டங்களை எடுத்துச் செல்ல எந்த உரிமையாளரும் தடை சொல்ல முடியாது. மென்பொருளிலும் அதுவே நியாயம்.

மூன்றாவதாக, அரசும் அரசு உதவிபெறும் கல்வி நிறுவனங்களும் பொதுப் பணத்தில் மென்பொருள் பெறும்போது, குறிப்பிட்ட காலம் சந்தா செலுத்தினால் ஒரு பதிப்பு நிரந்தரமாகக் கிடைக்கும் என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்கலாம். பெரும் வாங்குநர் கேட்டால் நிறுவனங்கள் இறங்கிவரும். அவ்வாறு மிச்சமாகும் தொகையில் ஒரு சிறு பங்கையேனும் கட்டற்ற மென்பொருள்களின் வளர்ச்சிக்கு, குறிப்பாக இந்திய மொழிகளுக்கான வசதிகளைச் செம்மைப்படுத்துவதற்கு, ஒதுக்குவது நீண்ட கால முதலீடாக அமையும்.

தச்சருக்கு உளி எப்படியோ, அப்படித்தான் வடிவமைப்பாளருக்கும் பொறியாளருக்கும் மென்பொருள். நலிந்த மாதத்தில் தச்சர் தம் உளியைத் தீட்டி வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்காகக் காத்திருக்கலாம். மென்பொருளை நம்பிப் பிழைப்பவருக்கும் அந்த அளவு நிம்மதியாவது கிடைக்க வேண்டும். மாதக் கட்டணத்தை மேலும் சில ரூபாய் குறைப்பதைக் காட்டிலும், அதற்கு வழிசெய்யும் சந்தாவே உண்மையில் மலிவானது.